எஸ்.எம்.சி. கூட்டத்தில் புல்லியிங் பற்றிப் பேசப் போகிறேன்: என்ன கேட்கலாம்?

கரிசல்காட்டுக்காரி | செவ்வாய், இரவு 9:12

வணக்கம். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். மகள் எட்டாவது படிக்கிறாள். வெள்ளிக்கிழமை கூட்டம். வழக்கமான காம்பவுண்டு சுவர், குடிதண்ணீர், கழிவறை பட்டியலோடு இந்த முறை 'மாணவர் ஒழுக்கம்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

அதற்குக் காரணம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். கொஞ்சம் திக்கிப் பேசுவான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் பின் பெஞ்சிலிருந்து நாலு பேர் அவனைப் போலவே திக்கித் திக்கி வாசிப்பார்களாம், வகுப்பே சிரிக்குமாம். சைக்கிள் ஸ்டாண்டில் அவன் வண்டிக்கு மட்டும் வால்வு டியூபைப் பிடுங்கிவிடுவார்கள். சாயங்காலம் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவன் அம்மா வந்து ஹெச்.எம்.மைப் பார்த்தார். ஹெச்.எம். நல்ல மனிதர்தான், தட்டிக்கழிக்கவில்லை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, கை குலுக்க வைத்து அனுப்பினார். அதற்குப் பிறகு பையன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

இப்போது அசெம்பிளியில் உறுதிமொழி, சுவரில் வாசகம், வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் "சரிம்மா, வேற என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டால் முழிப்பேன். ஆசிரியர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் | செவ்வாய், இரவு 10:05

நானும் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார்தான். கை குலுக்க வைப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது, செலவில்லாதது, பத்து நிமிடத்தில் முடியும். சம பலமுள்ள இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அது சரிதான். இங்கே ஒருவன் தனியாள், எதிரே நாலு பேரும் சிரிக்க ஒரு வகுப்பும் இருக்கிறார்கள். அவனை அவர்கள் முன்னால் நிறுத்தி "மன்னிச்சிட்டேன்னு சொல்லு" என்றால் அது இன்னொரு ரவுண்டு. அறைக்கு வெளியே வந்ததும் "போய்ப் போட்டுக் குடுத்தியா?" என்ற கேள்வி காத்திருக்கும். எனவே முதல் கோரிக்கை: இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் உட்கார வைத்து விசாரிக்கக் கூடாது.

இரண்டாவது, புகார்ப் பெட்டி. 'மாணவர் மனசு' பெட்டி உங்கள் பள்ளியிலும் இருக்கும். அது எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். பாதிப் பள்ளிகளில் ஹெச்.எம். அறை வாசலில், எல்லாரும் போய் வரும் வராண்டாவில் இருக்கும். யார் சீட்டுப் போட்டான் என்பது இடைவேளை முடிவதற்குள் பள்ளிக்கே தெரிந்துவிடும். சாவி யாரிடம், எந்தக் கிழமை திறக்கிறார்கள், போன தடவை திறந்தபோது என்ன இருந்தது, அதன்பேரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பதில் வராது. வராததே குறிப்பேட்டில் ஏறட்டும்.

மூன்றாவதை எங்கள் ஆட்கள் ரசிக்க மாட்டார்கள். பட்டப்பெயர் வைப்பதில் ஆசிரியர்களும் உண்டு. "டேய் சோடாபுட்டி, போர்டுல எழுது", "ஏ குண்டு, தள்ளி உக்காரு." பாசமாகச் சொல்வதாகத்தான் நினைக்கிறோம். வாத்தியாரே சொல்லிவிட்ட பிறகு அந்தப் பெயருக்கு முத்திரை விழுந்துவிட்டது, நாற்பது பேரும் சொல்லலாம்.

வெட்டவெளி | செவ்வாய், இரவு 10:31

எல்லாரும் கோபப்படுவீர்கள், பரவாயில்லை. எங்கள் காலத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. என்னை ஆறு வருஷம் 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள், இன்றைக்கும் அந்தக் கூட்டத்தோடுதான் டீ குடிக்கிறேன். இதையெல்லாம் புல்லியிங் என்று பெரிதாக்கினால் பிள்ளைகள் வெளி உலகத்தை எப்படித் தாங்குவார்கள்? வேலைக்குப் போகிற இடத்தில் மேனேஜர் உறுதிமொழி எடுத்துக்கொண்டா திட்டுவார்?

சாக்பீஸ் | செவ்வாய், இரவு 10:48

ஒட்டடைக்குச்சி சார், உங்களைக் கூப்பிட்டவனுக்கு நீங்களும் ஒரு பெயர் வைத்திருப்பீர்கள் இல்லையா? வித்தியாசம் அங்கேதான். டான் ஓல்வெயஸ் என்று ஓர் ஆய்வாளர், 1970-களிலிருந்தே இதை ஆராய்ந்தவர், மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, தாங்குகிறவனால் எளிதில் எதிர்த்து நிற்க முடியாதது. மூன்றாவது இல்லாவிட்டால் அது வெறும் வம்புச்சண்டை, நாங்களே தீர்த்துக்கொள்வோம். உங்கள் டீக்கடைக் கூட்டத்தில் அது இல்லை. இந்தப் பையன் விஷயத்தில் மூன்றும் இருக்கின்றன.

டீக்கடைக்கு வராதவன் என்று உங்கள் செட்டில் யாராவது இருப்பார்கள். அவரிடம் கேட்டால் வேறு கதை வரலாம்.

துர்க்குத் தமிழன் | புதன், அதிகாலை 1:20

பின்லாந்தில் துர்க்கு நகரத்தில் இருக்கிறேன். பள்ளிகளில் சீண்டலைத் தடுக்கும் 'கீவா' என்கிற திட்டம் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் உருவானது. 2006-இல் கல்வி அமைச்சகத்தின் பணத்தில் தொடங்கி, 2009 முதல் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் போனது. என் பையன் படிப்பது ஒரு கீவா பள்ளி, அதனால் கொஞ்சம் தெரியும்.

அதன் அடிப்படை கிறிஸ்டினா சல்மிவல்லி என்கிற உளவியல் பேராசிரியரின் ஆய்வு. 1996-இல் அவர் காட்டியது இதுதான்: வகுப்பில் சீண்டுகிறவன், சீண்டப்படுகிறவன் என்று இரண்டு வேடம் மட்டும் இல்லை. கூட நின்று பிடித்துக்கொடுக்கிறவன் ஒருவன். சிரித்து ஏற்றிவிடுகிறவர்கள் சிலர். பார்த்தும் பார்க்காததுபோல் போகிறவர்கள் நிறையப் பேர். குறுக்கே வந்து தடுப்பவர்கள் கொஞ்சம் பேர். சீண்டுகிறவனுக்குக் கிடைப்பது அந்தச் சிரிப்புதான். அவனைத் திருத்த வருஷக்கணக்காகும். சிரிப்பவர்களை அதைவிடச் சீக்கிரம் மாற்றிவிடலாம். கரிசல்காட்டு அக்கா, உங்கள் பதிவில் "வகுப்பே சிரிக்குமாம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் கொண்ட ஒரு குழு இருக்கும். புகார் வந்தால் வகுப்பாசிரியர் தலையிலேயே எல்லாம் விழாது. முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுவார்கள். அப்புறம் சீண்டியவர்களிடம் ஒவ்வொருவராக. கும்பலாகக் கூப்பிட மாட்டார்கள், கும்பலில் தைரியம் வந்துவிடும் அல்லவா. இனி என்ன செய்யப் போகிறாய் என்று அவன் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை வகுப்பாசிரியர் தனியாக அழைத்து, "அவன் கொஞ்ச நாளாகக் கஷ்டப்படுகிறான், உங்களால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பார். பக்கத்தில் உட்காருவது, சாப்பிடும்போது கூப்பிட்டுக்கொள்வது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரம் கழித்து எல்லோரையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்பார்கள். இந்த மறுபடி கேட்பதுதான் திட்டத்தின் உயிர். முதல் நாள் பேச்சுக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள், நம் ஊர் மாதிரியே.

வெட்டவெளி | புதன், காலை 7:02

அங்கே வகுப்புக்கு இருபது பேர் இருப்பார்கள். இங்கே அறுபது. வாத்தியாருக்கு எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் பதிவேற்றவே நேரமில்லை. பின்லாந்துக் கதையை எத்தனை வருஷம்தான் கேட்பது?

துர்க்குத் தமிழன் | புதன், காலை 11:40

நியாயமான கேள்வி. பின்லாந்தை விற்க வரவில்லை, அதில் ஓட்டைகளும் உண்டு. கீவா சின்ன வகுப்புகளில் நன்றாக வேலை செய்தது, 7 முதல் 9 வரை பலன் குறைவு. வகுப்பில் செல்வாக்குள்ள சீண்டல்காரன்மேல் அது பெரிதாக எடுபடவில்லை என்றும் ஆய்வு வந்திருக்கிறது.

இன்னொன்று எனக்கே முதலில் புரியவில்லை. ஒட்டுமொத்தமாகச் சீண்டல் குறைந்த வகுப்புகளில், இன்னும் சீண்டப்படுகிற ஓரிரு பிள்ளைகளின் மனநிலை மற்ற வகுப்புகளில் இருப்பதைவிட மோசமாக இருந்ததாம். யோசித்தால் காரணம் விளங்கும். எல்லோரையும் சீண்டுகிற வகுப்பில் "இவனுங்க இப்படித்தான்" என்று விட்டுவிடலாம். தன்னை மட்டும் சீண்டும்போது "என்கிட்டத்தான் ஏதோ கோளாறு" என்று தோன்றிவிடுகிறது. சராசரி குறைந்துவிட்டது என்று பள்ளி கை தட்டிக்கொள்ளும்போது அந்த ஒருவன் மூலையில் இருப்பான்.

உறுதிமொழி விஷயத்துக்கு நார்வே கதை பொருத்தமாக இருக்கும். 1982 கடைசியில் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள், சீண்டல்தான் காரணம் என்று பேசப்பட்டது. 1983-இல் அரசு நாடு தழுவிய இயக்கமே நடத்தியது. பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் ஓல்வெயஸ் கூடவே இருந்து செய்ததில் சீண்டல் ஏறக்குறைய பாதியானது. ரோகலண்ட் மாவட்டத்துக்கும் அதே இயக்கத்தின் புத்தகமும் படமும் போயின. மூன்று வருஷம் கழித்து அங்கே பார்த்தபோது அப்படி எந்தக் குறைவும் இல்லை. தாள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பெர்கனில் பின்னாலேயே போய்ப் பார்க்க ஆள் இருந்தார்கள்.

நெல்லைச்சீமை | புதன், மதியம் 1:15

திக்குவாய், குண்டு, சோடாபுட்டி என்று இவ்வளவு பேசியும் ஒன்றை யாரும் தொடவில்லையே. எங்கள் பக்கம் பள்ளியில் நடக்கும் சீண்டலில் பாதிக்கு வேர் சாதி. கையில் கட்டுகிற கயிற்றின் நிறம், சைக்கிள் ஹேண்டிலில் சுற்றுகிற பிளாஸ்டிக் நாடாவின் நிறம், பனியன் நிறம், எல்லாமே கொடி.

நாங்குநேரியை மறந்துவிட்டோமா? 2023 ஆகஸ்ட். பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவன் சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். விஷயம் பள்ளிக்குத் தெரிந்தது, விசாரித்தார்கள். அன்று இரவே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. "போட்டுக் குடுத்தியா?" என்று சாக்பீஸ் சார் எழுதியதன் கடைசிப் படி அதுதான். புகார் வாங்கிய பள்ளி, புகார் சொன்னவனுக்கு அன்று ராத்திரி என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் 600 பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம் என்றதைத்தான் டிவியில் மாற்றி மாற்றிப் பேசினார்கள். அதில் இருந்த மற்றவற்றை யாரும் பேசவில்லை. பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். ஆசிரியர்கள் ஒரே இடத்தில் வேர்விட்டு நிற்காமல் இடமாற்றம் வேண்டும். 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிக்கு ஒரு நல அலுவலர் வேண்டும்.

அகர வரிசையில் உட்கார வைப்பதற்கு ஜி.ஓ.வும் வேண்டாம், பணமும் வேண்டாம். கூட்டத்தில் கேட்கலாம். யாரோடு யார் உட்காருவது என்பதைப் பிள்ளைகளிடம் விட்டால் தெருவில் இருக்கிற வரிசை அப்படியே வகுப்பில் வந்து உட்காரும்.

அக்னிக்குஞ்சு_77 | புதன், மதியம் 1:52

நெற்றியில் திருநீறு வைத்தால் புல்லியிங்கா? இந்த அறிக்கையே ஒரு தரப்பை மட்டும்…

மட்டுறுத்துநர் | புதன், மதியம் 2:10

மேலே உள்ள பதிவின் மீதியையும் அதற்கு வந்த ஒன்பது பதில்களையும் அரசியல் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே போய் நிதானமாக அடித்துக்கொள்ளுங்கள். இங்கே வெள்ளிக்கிழமைக்குள் ஒருவருக்குப் பதில் வேண்டும்.

பிளஸ்டூ_பையன் | புதன், மாலை 6:30

நான் இன்னும் ஸ்கூலில்தான் படிக்கிறேன். பெரியவர்கள் பேசுவதைப் பார்த்தால் எல்லாமே வராண்டாவிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் நடப்பதுபோல் இருக்கிறது. இப்போது எல்லாம் ஸ்டிக்கர்தான். ஒருத்தன் சாப்பிடும்போது, வாய் நிறையச் சோற்றோடு இருக்கும்போது, ஒரு போட்டோ எடுப்பார்கள். பின்னணியை வெட்டி, கீழே ஒரு டயலாக் போட்டு வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிடுவார்கள். ஒரு ராத்திரியில் மூணு செக்‌ஷனுக்கும் போய்விடும். காலையில் அவன் உள்ளே நுழையும்போது யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சும்மா பார்ப்பார்கள். அவ்வளவுதான். வாத்தியாரிடம் என்னவென்று போய்ச் சொல்வது? "சார், என்னைப் பார்க்கிறாங்க" என்றா?

குரூப்பில் மிஸ் இருந்தால் நடக்காது என்று சொல்வார்கள். மிஸ் இருக்கிற குரூப் ஒன்று, இல்லாத குரூப் ஒன்று, அவன் மட்டும் இல்லாத குரூப் ஒன்று என்று மூன்று இருக்கும்.

எங்கள் கிளாஸில் ஒரு தடவை அப்படி ஒரு ஸ்டிக்கர் வந்ததும் லீடர் பொண்ணு "இத யாராவது இன்னொரு தடவ போட்டா நான் குரூப்ப விட்டுப் போயிடுவேன், ரெக்கார்டு நோட்டு யாருக்கும் தர மாட்டேன்" என்று போட்டது. நின்றுவிட்டது. எல்லோருக்கும் அதனுடைய ரெக்கார்டு நோட்டு வேண்டும்.

துர்க்குத் தமிழன் | புதன், இரவு 8:15

தம்பி, அந்தப் பெண் செய்ததை டொராண்டோவில் மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள், 2001-இல் வெளியான ஆய்வு. சீண்டல் நடந்தபோது 88 சதவீதம் நேரம் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். குறுக்கிட்டது 19 சதவீதத்தில்தான். ஆனால் குறுக்கிட்டபோதெல்லாம் பாதிக்கு மேல் பத்து விநாடிக்குள் அடங்கிவிட்டது. ரெக்கார்டு நோட்டு அங்கே தேவைப்படவில்லை போலிருக்கிறது.

யாழ்ப்பனை | புதன், இரவு 9:50

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், நானும் ஆசிரியைதான். நீங்கள் எல்லோரும் 'மதிப்புள்ள பிள்ளைகளைப் பொறுப்பாக்குங்கள்' என்று சொல்லிக்கொண்டு போவதால் ஒரு எச்சரிக்கை. எங்கள் பாடசாலைகளில் மாணவ முதல்வர் என்ற முறை கனகாலமாக இருக்கிறது. பட்ச் (பேட்ஜ்) குத்தி, ஒழுங்கு பார்க்கும் அதிகாரம் கொடுத்து விடுவோம். நல்ல பிள்ளைகள் நிறைய. ஆனால் சில இடங்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை முழங்காலில் விடுவது, சிற்றுண்டிச்சாலை வரிசையில் சாமான் வாங்கித் தரச் சொல்வது எல்லாம் அந்தப் பட்சோடுதான் நடக்கும். அதிபரிடம் (தலைமையாசிரியர்) முறையிட்டால் "அவர் மாணவ முதல்வர், அப்படிச் செய்யமாட்டார்" என்பார். பல்கலைக்கழகத்தில் பகிடிவதை (ராகிங்) என்று தலைப்புச் செய்தி வரும்போது எல்லோரும் அதிர்ச்சி அடைகிறோம். 1998-இலேயே அதற்கெதிராகச் சட்டம் வந்தும் நிற்கவில்லை. அங்கே போய்ச் செய்கிற பிள்ளை எங்கே பழகினது?

ஆகவே உதவி செய்யச் சொல்லுங்கள், அதிகாரம் கொடுக்காதேயுங்கோ. பக்கத்தில் இருந்து கதைக்கிறதுக்கு பட்ச் தேவையில்லை.

மஞ்சள்வேன் | வியாழன், காலை 5:40

நான் டீச்சர் இல்லை. ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். காலையில் முதல் டிரிப்புக்கு முன்னால் இதை எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல் கேட்டுக்குள் நடப்பதை டீச்சர் பார்ப்பார். வீட்டில் நடப்பதை அம்மா பார்ப்பார். நடுவில் முக்கால் மணி நேரம் என் வண்டியில்தான். கண்ணாடியில் எல்லாம் தெரியும். கடைசி சீட்டு யாருக்கு, ஜன்னல் யாருக்கு, யார் பையை மடியில் வைத்துக்கொண்டு மூணு பேர் பையையும் சேர்த்துத் தூக்குகிறது, எல்லாம் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடும். ஏறும்போதே "இங்க இடமில்ல" என்று காலை நீட்டி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை நின்றுகொண்டே வரும். நான் திரும்பிச் சத்தம் போட்டால் அன்றைக்கு உட்காரும், மறுநாள் பழையபடிதான்.

நான் ஜூன் மாதமே சீட்டில் பேர் ஒட்டிவிட்டேன். ஒன்றாம் வகுப்பு எனக்குப் பின்னால், பெரிய பசங்க நடுவில், கடைசி சீட்டில் அக்காமார். மாசம் ஒரு தடவை மாற்றுவேன். சண்டை முக்கால்வாசி போய்விட்டது. ஸ்கூலில் இதுவரை என்னை ஒரு மீட்டிங்குக்கும் கூப்பிட்டதில்லை. ஃபீஸ் பாக்கி கேட்க மட்டும் கூப்பிடுவார்கள்.

சாக்பீஸ் | வியாழன், காலை 8:05

அண்ணே, எங்கள் பி.எட். படிப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கரிசல்காட்டு அக்கா, வேன் டிரைவர், சத்துணவு அமைப்பாளர், துப்புரவு செய்யும் அம்மா, வாட்ச்மேன் நால்வரையும் கூட்டத்துக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். எந்தக் கழிவறைக்குள் எந்தப் பிள்ளை இடைவேளையில் போகாமல் வகுப்பு தொடங்கிய பிறகு அனுமதி கேட்டுக்கொண்டு போகிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். நாங்கள் அதைப் 'படிப்பில் கவனமில்லை' என்று எழுதி வைத்திருப்போம்.

விளையாட்டு ஆசிரியர் பி.இ.டி. சாரிடமும் ஒரு வார்த்தை. இரண்டு கேப்டனை நிறுத்தி ஆள் பிரிக்கச் சொன்னால் கடைசியில் ஒருவன் மிஞ்சுவான். "அவன நீயே வச்சுக்கடா" என்று இரண்டு கேப்டனும் தள்ளிவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு பீரியட், வருஷம் முழுக்க, மைதானத்தின் நடுவில் இது நடக்கிறது. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் முடிந்தது.

வக்கீல்_வாசல் | வியாழன், மதியம் 12:20

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் தரக் கூடாது என்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. அது பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செய்வதற்கு. பட்டப்பெயர் வைக்கும் ஆசிரியருக்கு இதை நினைவூட்டலாம். பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் செய்வதற்குப் பள்ளி அளவில் நேரடியான தனிச்சட்டம் என்று கைகாட்ட முடியாது. தமிழ்நாட்டின் 1997 ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி மாணவர் கொல்லப்பட்ட பின்னணியில் வந்தது.

இரண்டு இடத்தில் மட்டும் ஹெச்.எம். 'பேசித் தீர்க்க' முயலவே கூடாது. ஒன்று, ஆடையை அவிழ்ப்பது, அந்தரங்க உறுப்பைத் தொடுவது, படம் எடுப்பது. "பசங்க விளையாட்டு" என்று சொல்லிவிட முடியாது. போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும், தெரிந்தும் புகார் தராமல் மறைப்பதே தனிக் குற்றம். இரண்டு, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

மற்றவற்றுக்கெல்லாம் போலீஸ் வேண்டும் என்று பெற்றோர் குதிக்கும்போது நான் தடுப்பதுதான் வழக்கம். பதினான்கு வயதுப் பையனை ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்தால் அவன் திரும்பி வரும்போது வகுப்பில் ஹீரோ. உதவி எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417. இரண்டையும் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள், அங்கேதான் தனியாக நின்று படிக்க முடியும்.

மாடிவீட்டு_மைதிலி | வியாழன், மாலை 4:45

அரசுப் பள்ளியில் குழுவாவது இருக்கிறது, கேட்க முடிகிறது. தனியார் பள்ளியில் வாயைத் திறந்தால் "உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் செட் ஆகலன்னு தோணுது மேடம்" என்று சிரித்துக்கொண்டே டி.சி. பக்கம் தள்ளுகிறார்கள். 2015-லேயே சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: துணை முதல்வர், மூத்த ஆசிரியர், டாக்டர், ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி எல்லோரும் இருக்கும் குழு வேண்டும் என்று. என் மகன் பள்ளியில் அந்தக் குழுவின் பெயர்ப்பலகை ரிசப்ஷனில் பளபளவென்று இருக்கிறது. அதில் இருக்கும் பெற்றோர் பிரதிநிதி யார் என்று கேட்டேன், அவர் பிள்ளை படிப்பை முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டதாம்.

கரிசல்காட்டுக்காரி | சனி, காலை 10:20

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்தது, கலவையான முடிவுதான்.

ஹெச்.எம். முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார். கை குலுக்கும் விஷயத்தை நான் குற்றமாகச் சொல்லாமல், "அடுத்த தடவை தனித்தனியாப் பேசலாமா சார்?" என்று கேட்டதும் சரி என்றார். பெட்டி நூலக ஜன்னல் பக்கம் போகிறது, திங்கள்தோறும் குழுவில் ஒரு பெற்றோர் முன்னிலையில் திறப்பார்கள். பி.இ.டி. சார் எண்ணிப் பிரிக்க உடனே ஒப்புக்கொண்டார், அவருக்கே அந்தக் கேப்டன் ரகளை அலுத்துப் போயிருக்கிறது. அகர வரிசைக்குப் பலத்த எதிர்ப்பு. "உயரப்படிதான் உக்கார வைக்கணும், போர்டு மறைக்கும்" என்றார்கள். எதிர்த்தவர்கள் யார் யார் என்று பார்த்தபோது போர்டு மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. தள்ளி வைத்திருக்கிறார்கள், அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுப்பேன். துப்புரவு செய்யும் அக்காவைக் கூப்பிடச் சொன்னதற்குச் சிலர் சிரித்தார்கள். அவரோ வந்து ஐந்து நிமிடத்தில் மாடிப்படிக்கு அடியில் நடப்பதைச் சொன்னதும் அறையே அமைதியாகிவிட்டது. அங்கே நாளைக்கே லைட் போடுகிறார்கள்.

அந்தப் பையன் வீட்டுக்கு வகுப்பாசிரியரும் நானும் போய் வந்தோம். இன்னும் வருவதாகச் சொல்லவில்லை. வாசிப்பு நேரத்தில் அவனைத் தனியாக எழுப்பாமல் இருவர் சேர்ந்து வாசிக்கும்படி வகுப்பு முழுக்க மாற்றுவதாக ஆசிரியர் சொன்னார். அவன் யாரோடு சேர்ந்து வாசிக்க விரும்புகிறான் என்று கேட்டதற்கு ஒரு பெயர் சொன்னான். அவன் சொன்ன பையனிடம் ஆசிரியர் திங்கட்கிழமை பேசுவார்.

உறுதிமொழியும் உண்டு, அதை விட மாட்டேன் என்றுவிட்டார் ஹெச்.எம்.

வெட்டவெளி | சனி, காலை 10:58

சரி, ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன், லைட் போடுவது நல்ல வேலை. ஆனால் குறைந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? பெட்டியில் சீட்டு குறைந்தால் வெற்றி என்று எழுதிவிடுவார்கள். பயந்தும் எழுதாமல் இருக்கலாமே.

சாக்பீஸ் | சனி, மதியம் 12:15

நல்ல கேள்வி. முதல் மாதம் சீட்டு கூடினால்தான் நான் நம்புவேன்.

பெட்டியை வைத்து அளக்காதீர்கள். பருவத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் அரைத்தாள் கொடுங்கள், பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். மூன்று கேள்வி: போன மாதம் உன்னை யாராவது திரும்பத் திரும்பத் தொல்லை செய்தார்களா? பள்ளியில் எந்த இடத்துக்குப் போக உனக்குப் பிடிக்கவில்லை? ஒன்று நடந்தால் எந்தப் பெரியவரிடம் சொல்வாய்? மூன்றாவதற்கு 'யாரும் இல்லை' என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணுங்கள்.

எல்லோரும் எழுத வேண்டும், தொல்லை இல்லாதவர்களும். இல்லாவிட்டால் பேனா எடுத்தவன் யார் என்று பக்கத்து பெஞ்சு பார்த்துக்கொண்டிருக்கும். பென்சிலும் கூடாது. அப்புறம் முக்கியமாக, தாளை லீடரை விட்டுச் சேகரிக்க வேண்டாம். வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவர் வந்து, மடித்ததைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகட்டும்.

மஞ்சள்வேன் | சனி, மதியம் 1:30

இரண்டாவது கேள்வியில் 'பள்ளியில்' என்று மட்டும் போடாதீர்கள் சார். 'வரும் வழியில், வேனில், பஸ்ஸில்' என்றும் சேருங்கள்.

சாக்பீஸ் | சனி, மதியம் 1:34

சேர்த்துவிட்டேன் அண்ணே.